தேடும் பெட்டியில் எஸ்தரின் பெயர்

பெங்களூருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் கண்ணுக்கு,

நீ வீட்டுப் பக்கம் வராமல் ஒன்பது நாளாகிறது. திருப்பூரில் சிநேகிதன் ரூமில் இருக்கிறாய் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போன் அடித்தால் கட் செய்கிறாய். கவரில் போட்டு ஒட்டி அனுப்பினால் பிரிக்காமலே பைக்குள் சொருகிவிடுவாய் என்று எனக்குச் சந்தேகம். அதனால்தான் அருள்புரம் பஸ் ஸ்டாப்பில் சங்கத்துக்காரர்கள் வாராவாரம் கொடுக்கும் தாளில் இதை அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன். நாலு பேர் படித்துவிட்டு உன்னிடம் வந்து கேட்டால் நீயும் படித்துத்தான் ஆகவேண்டும். மேனேஜரும் படிக்கட்டும். உன் பெயரையும் கம்பெனியின் பெயரையும் எழுதவில்லை. எஸ்தரின் பெயரை மட்டும் எழுதுகிறேன். எழுதச் சொன்னது அவள்தான்.

நான் யார் என்று தாளைப் படிக்கிற மற்றவர்களுக்கும் தெரியவேண்டும். ஒரு பனியன் கம்பெனியில், ஆட்கள் வருகிற போகிற நேரத்தைக் குறிக்கும் டைம் ஆபீசில் பதினாறு வருஷம் உட்கார்ந்திருந்தவள். உன் அப்பா சாமளாபுரத்தில் அடுத்தவர் தறியை ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், பல்லடத்துக்குப் பஸ் ஏறிப் போய் இங்கிலீஷ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் அடிப்பேன். டைப்ரைட்டரில் அடித்த காகிதம் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். பஞ்ச் போட்டுக் கோத்த ஃபைலில், இரும்பு பீரோவின் இரண்டாம் தட்டில் இருக்கும். எழுந்து போய் எடுக்கலாம். கம்ப்யூட்டர் வந்த பிறகு அடிப்பது அதே விரல்தான். ஆனால் அடித்தது எங்கே போகிறது என்பது மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. எங்கள் வீட்டில் பிள்ளையார் சுழி போடாமல் மளிகைச் சீட்டுக்கூட எழுதமாட்டோம். இங்கிலீஷ் டைப்ரைட்டரில் அதற்கு எழுத்துக் கிடையாது. அதனால் பழகின காலத்திலிருந்தே தாளின் தலையில், நட்டநடுவில், 2 என்று அடித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். பார்க்கச் சுழி மாதிரியே இருக்கும். கம்ப்யூட்டரிலும் அப்படியே செய்தேன். சேவ் கொடுத்தால் முதல் வரியில் இருப்பதையே ஃபைலுக்குப் பேராக அது எடுத்து நீட்டும். முதல் நாள் 2. மறுநாளும் 2. ஏற்கெனவே ஒரு 2 இருக்கிறதே, அதை அழித்துவிடட்டுமா என்று கேட்கும். பயந்துபோய் வேண்டாம் என்று சொல்லி, நியூ ஃபோல்டர் என்பதை அழுத்தி அதற்குள் வைப்பேன். மறுநாள் இன்னொரு நியூ ஃபோல்டர். நீ முதன்முதலாக அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தபோது நியூ ஃபோல்டர்கள் நூற்றுக்கணக்கில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் 2 என்று ஒரு ஃபைல். நீ தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாய். "இதுல எவனாச்சும் திருட வந்தாக்கூட உக்காந்து அழுதுட்டுத்தானுங்கம்மா போவான்" என்றாய். நானும் கூடச் சிரித்து வைத்தேன். அந்தக் குப்பை எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று அன்றைக்கு உன்னிடம் சொல்லவில்லை.

வார நாட்களில் ஆட்கள் வருவதையும் போவதையும் கார்டு மிஷின் எழுதிக்கொள்ளும். அது வந்தபோதும், "உங்களுக்கெல்லாம் ஈசியா இருக்குமுங்க, வரிசையில நிக்கவே வேண்டாமுங்க" என்றுதான் சொன்னார்கள். வரிசை ஒழிந்தது உண்மை. மூன்று நிமிஷம் தாமதமாக வந்தவளுக்கு அரை நாள் போனதும் உண்மை. நோட்டில் கையெழுத்து வாங்கிய காலத்தில், பஸ் வரவில்லை என்று ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்தால் நான் பேசாமல் பேனாவை நீட்டுவேன். மிஷின் நீட்டாது. அன்றிலிருந்து, எதையாவது சுலபமாக்கித் தருகிறேன் என்று எவன் வந்தாலும், யாருக்குச் சுலபம் என்றுதான் என் மனசு முதலில் கேட்கும். பெங்களூரில் நீ இந்த வேலையைத்தான் செய்யப்போகிறாய். வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்து நீயும் இதைக் கேள். பதில் சொல்லாதவனுக்கு எதையும் செய்து கொடுக்காதே.

ஞாயிற்றுக்கிழமை கார்டு மிஷின் கிடையாது. வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிறவர்களுக்குக் காட்டும் ரெக்கார்டில் ஞாயிறு லீவு. சரக்குக் கப்பலேறும் வாரங்களில் ஞாயிறும் கம்பெனி ஓடும். ஆடிட்டுக்கு ஆட்கள் வரும் அன்று பாத்ரூமில் சோப்பு வைப்பார்கள், முதலுதவிப் பெட்டியில் பஞ்சு வைப்பார்கள். ஞாயிறு என்ன செய்வீர்கள் என்று கேட்டால் சர்ச்சுக்குப் போவோம், துணி துவைப்போம் என்று சொல்லும்படி பெண்களுக்குப் பாடம் நடத்துவார்கள். வந்தவர்கள் கார் ஏறியதும் சோப்பை எடுத்துவிடுவார்கள். ஆனால் ஞாயிறு வருகிறவர்களுக்கும் டீ சொல்ல வேண்டுமே. யாரை எங்கே இறக்கிவிட வேண்டும் என்று வேன் டிரைவரிடமும் ஒரு தாள் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலை நான் அடிப்பேன். டீக்கும் வேனுக்குமாக நான் அடித்த அந்தத் தாளில் மட்டும்தான் ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாள் அந்தக் கம்பெனியில் இருந்தது.

எஸ்தர் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். இங்கே லைன் வீட்டில் தம்பியோடு இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டன் அடிக்கும் மிஷினில் அவளுடைய வலது கை சிக்கி இரண்டு விரல் நசுங்கியது. ஆட்டோவில் ஏற்றிவிட்டது நான். திரும்பி வந்து, டிரைவர் அவளுக்காகக் காத்திருக்கக் கூடாதே என்று, பட்டியலின் அடியில் இப்படி அடித்தேன்: எஸ்தர், பட்டன் மிஷின், கையில் அடி, மூன்று நாற்பதுக்கு ஆட்டோவில் ஆஸ்பத்திரி, வேனில் வரமாட்டாள். மறுநாள் கம்பெனி வேறு கதை சொன்னது. ஞாயிறு லீவாம். விட்டுப்போன டிபன் பாக்சை எடுக்க வந்தவள், சும்மா கிடந்த மிஷினில் விளையாட்டாகக் கையை விட்டாளாம். வேலை நேரத்து விபத்து என்று எழுதிக் கொடுக்க முடியாதாம். இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். மீதி விரல்களை வைத்துக்கொண்டு அவளால் கத்தரிகூடப் பிடிக்க முடியாது.

அவள் என்னிடம் மூன்று தடவை வந்தாள். "ஏக்கா, நான் அன்னைக்கு வந்தேம்லா? டீ குடிச்சேம்லா? நீங்கதான பேரை அடிச்சிய. அந்த ஒத்தப் பேப்பரைத் தந்தாப் போதும்க்கா" என்று முதல் தடவை கெஞ்சினாள். "தேடிப் பாத்துட்டேன் கண்ணு, எங்க வெச்சேன்னு தெரியல. கெடைக்கவே மாட்டீங்குது. வயசாயிப்போச்சல்ல" என்றேன். இரண்டாம் தடவையும் அதையேதான் சொன்னேன். மூன்றாம் தடவை கட்டுப் போட்ட கையை என் மேஜைமேல், கீபோர்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். "அடிக்கத் தெரியுது, தேடத் தெரியாதாக்கா? எனக்கு விரலு போச்சு. ஒங்களுக்குக் கண்ணு போயிட்டோ?" என்றாள்.

எனக்குத் தேடத் தெரியாது என்பது பாதிதான் உண்மை கண்ணு. அந்த நியூ ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்திருந்தால் இரண்டு நாளில் கிடைத்திருக்கும். நான் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையை உனக்கும் உன் சிநேகிதனுக்கும் அவர்கள் கொடுத்தது அந்த மாசம்தான். அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசில்லை. வயசானவளுக்குக் கம்ப்யூட்டர் வராது என்று எல்லோரும் நம்புவதற்குள் ஒளிந்துகொண்டேன். ஆடிட்டர் கேட்டாலும் தெரியாது, மேனேஜர் கேட்டாலும் தெரியாது, கை போனவள் கேட்டாலும் தெரியாது. இதைவிடக் கேவலமாக நான் எதையும் செய்ததில்லை.

அப்போதுதான் நீ சி.டி.யோடு வந்தாய். ஒரு செவ்வாய்க்கிழமை. "மேனேஜர்தானுங்கம்மா சொன்னாரு, உங்களுக்குக் கொஞ்சம் ஈசி பண்ணிக் குடுக்கச் சொல்லி" என்றாய். என் நாற்காலியின் கை உடைந்து நாலு வருஷம். அதை மாற்றித் தராத மனுஷனுக்கு என்மேல் திடீரென்று எதற்கு இந்தக் கரிசனம் என்று அப்போதே எனக்கு உறுத்தியது. கேட்கவில்லை. நீ திரையிலிருந்த பொம்மைகளையெல்லாம் தூக்கினாய். எழுத்தைப் பெரிதாக்கினாய். கடைசியில் நடுவே, வார்த்தையை அடித்தால் தேடித் தரும் ஒரே ஒரு வெள்ளைப் பெட்டிதான் மிச்சம், கண்ணாடி போடாமலே தெரிந்தது. பிறகு நீ கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அதை நான் எங்கேயும் சொல்வேன்.

"ஃபைல் பேரை விடுங்கம்மா. அந்த நாளைப் பத்தி உங்களுக்கு வேற என்ன நெனப்பு வருது?"

"எந்த நாளைக் கேக்கற? வேன் பஞ்சரான நாளா?"

"செரி, அதையே அடிங்க."

அடித்தேன். நான் விரலை எடுப்பதற்குள் அந்த ஞாயிற்றுக்கிழமை எழுந்து வந்து நின்றது. யார் யார் மழையில் நடந்து போனார்கள் என்று நான் அடித்திருந்தது முதற்கொண்டு இருந்தது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஐம்பத்தேழு வயசில் அந்த மிஷின் முதல்தடவையாக என் வழிக்கு வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. எங்களுக்கு மறதி என்று இத்தனை வருஷம் சொன்னார்கள். எங்களுக்கு எது ஞாபகம் இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இது ஒரு மத்தியான வேலை. நீ அதைச் செய்து காட்டினாய்.

அப்போது மேனேஜர் டீ கிளாசோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. "பிரமாதமுங்க தம்பி. டைப்பிஸ்டக்கா, எதாச்சும் ஒரு ஆளு பேரு அடிச்சுப் பாருங்க பாக்கலாம்" என்றார். அந்தக் கம்பெனியில் பேருக்கா பஞ்சம்? லட்சுமி என்று அடித்திருக்கலாம், செல்வி என்று அடித்திருக்கலாம். என் விரல் எஸ்தர் என்று அடித்தது. யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. சந்தோஷத்தில் காவல் விட்டுப்போய், மனசில் கிடந்தது விரல் வழியாக வந்துவிட்டது. பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள் வரிசையாக வந்தன. எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கடைசி ஞாயிறு, ஆட்டோவும் ஆஸ்பத்திரியுமாக. "அட, கெடைக்கலை கெடைக்கலைன்னீங்க, இப்பப் பாருங்க, கெடைச்சிருச்சு" என்று மேனேஜர் டீயை உறிஞ்சினார். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மறுநாள் காலையில் என்னைத் தையல் பிரிவுக்கு ஆட்களை எண்ண அனுப்பிவிட்டு, அவர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். திரும்பி வந்தபோது நியூ ஃபோல்டர் ஒன்றுகூட இல்லை. "பழைய குப்பையெல்லாம் கிளீன் பண்ணிட்டேனுங்கக்கா. சிஸ்டம் ரொம்ப ஸ்லோவாயிருந்துச்சு" என்றார். அத்தனை நாளும் எவனும் அதை அழிக்காமல் விட்டது, அந்தக் குப்பைக்குள் அது இருக்கிறது என்றே தெரியாததால்தான். உன் பெட்டி அதை ஒரே நாளில் காட்டிக்கொடுத்தது. அடுத்த வாரமே பெங்களூரில் உனக்கு வேலை என்று சொன்னாய். மேனேஜரின் மச்சான் அங்கே சொல்லிவைத்தாராம். பெற்றவள் என்பதற்காக இந்த இரண்டையும் நான் தனித்தனியாகப் பார்க்க வேண்டுமா? உனக்கு முன்பே தெரியுமா, அல்லது என்னைப் போலத்தான் நீயும் கேட்காமல் இருந்தாயா?

பத்து நாள் கழித்து, புதிதாக அடித்த வேன் பட்டியலைத் தேட உன் பெட்டியில் வேன் என்று அடித்தேன். செத்துப்போன ஞாயிறுகளெல்லாம் வந்து நின்றன. ஒன்றை அழுத்தினால் ஃபைல் இல்லை என்றது. அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் காப்பி என்று ஒரு வார்த்தை. அதை அழுத்தினேன். தலையில் 2. கீழே எல்லாப் பெயரும். அடியில் எஸ்தர், பட்டன் மிஷின், மூன்று நாற்பது. ஃபைலை அழித்தாலும், சீக்கிரம் தேடித் தருவதற்காக உன் பெட்டி படித்து வைத்துக்கொண்டது உள்ளே தனியாகக் கிடந்திருக்கிறது. படித்த தேதியும் போட்டிருந்தது. மேனேஜர் என் நாற்காலியில் உட்காருவதற்கு முந்தின நாள். உடனே உனக்குப் போன் செய்தேன்.

"யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?" என்றாய்.

"இல்ல கண்ணு."

"நான் வர்ற வரைக்கும் அந்தப் பெட்டியில ஒண்ணும் அடிக்காதீங்க. தொடவே தொடாதீங்க."

"வந்து என்ன பண்ணப்போற?"

"வெச்சிருங்கம்மா, அப்புறம் பேசறேன்" என்றாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அதைக் காப்பாற்ற வருகிறாயா, ஒழித்துக்கட்ட வருகிறாயா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததால் காத்திருக்கவில்லை. சாப்பாட்டு பெல் அடித்து எல்லோரும் எழுந்து போனதும் பிரிண்ட் எடுத்து, டிபன் பைக்குள் மடித்து வைத்து, சாயந்திரம் எஸ்தர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் நன்றி சொல்லவில்லை. "இப்ப எப்படிக்கா கிடைச்சிது?" என்றுதான் கேட்டாள். அவள் தம்பி என்னை உட்காரச் சொல்லவில்லை. அதுவும் நியாயம்தான்.

தாள் லேபர் ஆபீசுக்குப் போய்விட்டது. கம்பெனி என்னை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரையும் மாற்றிவிட்டார்களாம், ரிப்பேராம். இப்போது அவர்கள் சொல்வதைக் கேள். அந்தத் தாளை நான்தான் இப்போது உட்கார்ந்து அடித்தேனாம். "அந்தம்மா ஹையர் பாஸுங்க. என்ன வேணும்னாலும் அடிப்பாங்க" என்று மேனேஜர் லேபர் ஆபீஸ் விசாரணையில் சொன்னார். முதல்தடவையாக என் டைப்பிங்கைப் பாராட்டியிருக்கிறார். ஃபைல் எங்கே என்று அதிகாரி கேட்டார். அழித்துவிட்டார்கள் என்றேன். அழித்த ஃபைலிலிருந்து எப்படி அம்மா பிரிண்ட் வரும் என்றார். பெட்டிக்குள் காப்பி இருந்தது என்றேன். எந்தப் பெட்டி, எப்படி இருந்தது என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்தத் தடவை நிஜமாகவே தெரியவில்லை. எஸ்தர் என்னைப் பார்த்த பார்வையில், மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா என்று இருந்தது.

வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து உன்னைப் பற்றியே யோசிக்கிறேன். எட்டாம் வகுப்பில் கணக்கில் பெயிலானபோது நீ மார்க் கார்டை என் டைப்ரைட்டிங் தாள்களுக்கு நடுவில் ஒளித்து வைத்தாய். நீ அதைக் கிழிக்கவில்லை. அப்பாவின் கையெழுத்தைத் திருட்டுத்தனமாகப் போடவும் இல்லை. நான் எடுத்துவிடுவேன் என்று தெரிந்த இடத்தில்தான் வைத்தாய். அதை நினைத்தால், உன் பெட்டிக்குள் இருந்த காப்பியையும் நீ தெரிந்தேதான் விட்டுவைத்தாய் என்று நம்பத் தோன்றுகிறது. மேனேஜருக்குத் தெரியாது, உனக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் அதே வருஷம் பள்ளிக்கூடத்தில் ஜன்னல் கண்ணாடி உடைந்து, உன் பக்கத்துப் பெஞ்சுக்காரன் அடி வாங்கினான். உடைத்தது தலைமை ஆசிரியர் மகன் என்று உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து என்னிடம் அழுதாய். "நமக்கெதுக்குக் கண்ணு, நம்ம வேலையைப் பாத்துட்டுப் போ" என்று சொல்லி உனக்கு இட்லி ஊற்றிக் கொடுத்தேன். நீ வாயைத் திறக்கவில்லை. அதைக் கற்றுக்கொடுத்தது நான். இன்றைக்கு நீ போனை எடுக்காமல் இருப்பதில் எனக்கும் பங்கு உண்டு. நான் அன்றைக்குச் சொன்னது தப்பு. இருபது வருஷம் தாமதமாகச் சொல்கிறேன், இருந்தாலும் சொல்கிறேன்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு லேபர் ஆபீசில் மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள். உனக்கு ஞாயிறு சாயந்திரம் பஸ் என்று கேள்விப்பட்டேன். நீ ஒரு நாள் தாமதமாகப் போனால் அந்த வேலையே போய்விடும் என்றும் தெரியும், யார் சொல்லிக் கிடைத்த வேலை என்றும் தெரியும். அதனால் உன்னை வா என்று கட்டாயப்படுத்தவில்லை. நடக்கப்போவதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் எஸ்தர் பக்கத்தில் உட்காருவேன். அந்தத் தாளை அடித்தது நான்தான், அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அடித்தேன், மூன்று தடவை பொய் சொல்லித் திருப்பி அனுப்பியதும் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். பெட்டியை வைத்தது யார் என்று கேட்பார்கள். என் மகன் என்பேன். யாருக்காக வைத்தான் என்று கேட்பார்கள். தெரியாது என்பேன். இந்தத் தாளில் உன் பெயரை நான் எழுதவில்லை. அங்கே கேட்டால் சொல்லிவிடுவேன்.

அம்மா